கோண்டவ்லி சரிவு

“கோண்டவ்லி சரிவுல பாக்க என்ன இருக்கு தாயி? வெறும் முள்ளும் பாறையும்!” என்று டாக்டர் கானோல்கர் மேசையைத் தட்டினார். மேசைமேல் இருந்த பல் செட்டு பொம்மை ஒருமுறை குதித்து அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவருடைய பல் மருத்துவமனையில் நோயாளிகள் இல்லை. அவர்கள் உட்காரும் பெஞ்சுகளில் சாத்தாராவின் பூ நண்பர்கள் சங்கம் கூடியிருந்தது. மழை ஓயும்போது காஸ் பீடபூமி முழுக்கப் பூ விரிந்துவிடும். எந்த ஞாயிறு எந்தப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போவது என்று ஜூன் மாதமே முடிவு செய்தாக வேண்டும்.

மந்தாகினி அவல் போஹா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தின்னாமல், தலை குனிந்திருந்தார்.

“இந்த வருஷம் கார்வி பூக்குது. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை! புனேலேருந்து பஸ் பஸ்ஸா ஆளு வரப்போகுது. நாம மட்டும் முள்ளுக்காட்டுல நடக்கணுமா?” என்றாள் செயலாளர் ஹேமா பட்தரே. வங்கியில் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

“கார்விய மத்த ஞாயிறெல்லாம் பாருங்கம்மா. எனக்கு ஒரே ஒரு ஞாயிறு குடுங்க, போதும்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. ஓடைப் பக்கம் இழுத்துட்டுப் போனீங்க. அதுக்கு முந்தின வருஷம் அந்தப் பள்ளம். ஒரு தடவை போன பாதைல மறுபடி போகவும் விடறதில்லை.”

“ஓடைல என் புது பேண்ட் கிழிஞ்சது” என்றார் மூலையிலிருந்து பெரியவர் கோக்லே காகா. எல்லோரும் சிரித்தார்கள்.

மந்தாகினி அகோலாவிலிருந்து வந்து, சாத்தாராவில் தனியாக வீடு எடுத்துத் தங்கியிருப்பவர். சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து பஸ் வாடகையும் சிற்றுண்டிச் செலவும் அவருடையதுதான். போன பருவத்தில் நடக்க வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவருக்குத் தும்பைக்கும் துளசிக்கும் வித்தியாசம் தெரியாது.

நடை முடிந்து பஸ்ஸில் ஏறும்போது படியருகே நின்று ஒவ்வொருவரிடமும், “ஏதாவது கிடைச்சுதா?” என்று கேட்பார். யாராவது உற்சாகமாக, அபூர்வமான ஆர்க்கிட் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். அது பொறாமை என்பது ஹேமாவின் கணிப்பு.

“சுத்தி வளைக்காமக் கேக்கறேன் தாயி. அங்க நிலம் வாங்கியிருக்கீங்களா? ரிசார்ட் கட்டப் போறீங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. எங்களை நடக்கவிட்டு ஓசில பாதை போட்டுக்கறீங்க, அதானே?”

“ஹேமா!” என்று அதட்டினார் டாக்டர்.

“கேக்கட்டும் டாக்டர்” என்றார் மந்தாகினி. “நிலமாம்மா? இருந்த நிலத்தையும் வித்துட்டுத்தான் இந்த ஊருக்கு வந்தேன்.”

டாக்டருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “சரி, வாக்கெடுப்பு வச்சிடலாம். கோண்டவ்லி வேணும்கிறவங்க கை தூக்குங்க.”

ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. கோக்லே காகா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்.

“அவ்வளவுதான். ஏரிக்கரை, கார்விச் சரிவு, பெரிய மைதானம். இந்த வருஷம் இது மூணும்தான். கையைக் கீழ போடுங்க தாயி, முடிஞ்சு போச்சு” என்றார் டாக்டர்.

கை இறங்கவில்லை. அப்படியே நின்றது. கண்ணாடி வளையல் ஒன்று முழங்கை வரை சரிந்தது. மந்தாகினியின் கன்னத்தில் நீர் வழிவதை முதலில் பார்த்தது ஹேமாதான்.

அவள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“அரே, என்ன தாயி இது! நான் ஏதோ வாய்த்துடுக்கா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. ஒரு சரிவுக்காகவா அழறது? அங்க அப்படி என்ன பூதான் இருக்கு?”

“எனக்குப் பூ ஒண்ணும் தெரியாதும்மா. பூ பாக்கறவங்களைத்தான் தெரியும்.” மந்தாகினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்கள்லாம் ஒரு புல்லைக்கூட விடாம, பாறை இடுக்குல எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாப்பீங்க. உலகத்துல வேற யாரும் தரைய அப்படிப் பாக்க மாட்டாங்க. போலீஸ்காரங்ககூட அப்படிப் பாக்கலை. நாலு நாள் தேடினாங்க. அப்புறம் மழை, மூடுபனின்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“மத்த இடமெல்லாம் உங்க புண்ணியத்துல பாத்தாச்சு. கோண்டவ்லி ஒண்ணுதான் பாக்கி. சொன்னா பயந்துக்கிட்டு யாரும் நடக்க வரமாட்டீங்களோன்னுதான் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கலை.”

“போலீஸ் எதுக்குத் தாயி? எதைத் தேடினாங்க?” என்று கேட்டாள் ஹேமா.

“என் பையனை.”