போத்தல் பெட்டி

வாவியில் மிதக்கும் பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்கி உருக்கி, கரித்தூள் கலந்து, பஞ்சு போன்ற நுரைப் பலகை செய்கிற மைத்துனன் அன்ரோவை, கல்லடி இறால் வியாபாரி செபஸ்தியாம்பிள்ளை ஒரு மனிதனாகவே மதிப்பதில்லை.

"கெம்பஸ்ல படிச்சுப்போட்டுக் குப்பை பொறுக்குது" என்பார், அவன் காதில் விழும்படியாகவே.

ஒருநாள் அந்தப் பலகையில் செய்த மூடிபோட்ட பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

"அத்தான், அது என்னத்துக்கெண்டு..."

"உன்ட விளக்கம் வேணாம். தோணிக்குள்ள போன் நனையாம இருந்தாக் காணும்."

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனிக்காரர் பலகையைப் பார்க்க அன்ரோவின் கொட்டிலுக்கு வந்தார். இவன் மானத்தை இன்று வாங்காவிட்டால் எப்போது வாங்குவது? செபஸ்தியாம்பிள்ளை பெட்டியோடு போய் நடுவில் நின்றார்.

"ஐயா, இந்தக் குப்பையை நம்பாதீங்க. நடு வாவியிலயும் மணியடிச்ச போன் இது. இந்தப் பெட்டிக்குள்ள வெச்ச நாள் தொடக்கம் தரித்திரம்தான். ஒரு போன் கோலும் வாறல்ல. ஹோட்டல்காரன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திட்டு, வேற ஆளிட்ட இறால் வாங்கிறான்."

"வெளியில எடுத்தா?"

"உடனே வேலை செய்யுது."

"பெட்டி தண்ணியில நனைஞ்சதா?"

"ஒவ்வொரு நாளும்தான்."

வந்தவர் அன்ரோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எங்கட மெஷினுகளுக்குள்ள போன் அலை போகாமத் தடுக்கிற பலகைதான் தம்பி நாங்க தேடினது. ஈரத்தில தாங்குமோ எண்டுதான் யோசிச்சம். இனி ஓடர் தரலாம்."

பிறகு படிவத்தை விரித்து, பேனாவோடு செபஸ்தியாம்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"சோதிச்சவர் எண்ட இடத்தில ஐயாட பேரைப் போடுவமா?"