துப்பாக்கிக்கு ஆகாத எண்ணெய்

முதலாளி நீட்டிய பாட்டிலைத் திறந்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தார் மாதிரி கறுத்த எண்ணெய்.

"என்ன சார் இது, சாக்கடையில அள்ளுனீங்களா?"

"நம்ம பெயின்ட்பால் துப்பாக்கிக்குப் போடத்தான். எண்ணெய்னா எல்லாம் ஒண்ணுதானே?"

விளையாட வருகிறவர்கள் சாயக் குண்டு சுடும் நாற்பது துப்பாக்கிகளையும் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற மெக்கானிக் நான். சுர்ரென்று ஏறியது.

"ஒண்ணா? பைக்குக்கு ஊத்துற ஆயிலைப் போட்டாலே உள்ள இருக்கிற ரப்பர் வளையம் ஊதிப்போயிடும். இது சமையல் எண்ணெய், அதுவும் பத்து தடவை காய்ச்சுனது. பிசின் மாதிரி ஒட்டி அடைச்சுக்கும். துப்பாக்கிக்குன்னே ஆயில் விக்கிறான், அதுல ரெண்டு சொட்டு போதும். இந்தக் கருமத்தை என் கண்ணுல காட்டாதீங்க!"

"கோவிச்சுக்காதப்பா. எடுத்துட்டுப் போயிடறேன்."

முதலாளி பாட்டிலோடு நடையைக் கட்டினார். பிசுபிசுப்பு போகக் கையை மூன்று முறை கழுவினேன்.

மத்தியானம் எங்கள் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் சுடச்சுட வந்தது. இரண்டாவது தட்டையும் காலி செய்துவிட்டு விரலைச் சப்பினேன்.

"என்ன மாஸ்டர், இன்னிக்கு ருசி தூக்குது? புது எண்ணெயா?"

சமையல் மாஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"எங்க புதுசு? பழசைத்தான் காலையில முதலாளி உங்ககிட்ட கொடுக்கணும்னு பாட்டில்ல பிடிச்சிட்டுப் போனாரு. துப்பாக்கி கெட்டுப்போயிடும்னு நீங்க சொன்னீங்களாமே? வீணாக்க வேணாம்னு திரும்பச் சட்டியிலயே ஊத்திட்டாரு."