கழற்றிய சக்கரம்
கும்மிடிப்பூண்டி ஒர்க் ஷாப்பில், சக்கரம் கழற்றிய லாரியின் நிழலில், தூக்குச்சட்டியை மடியில் வைத்தபடி தேசம்மா உட்கார்ந்திருக்கிறாள். சக்கரத்து பேரிங் போயிருந்தால் புதுசு மெட்ராஸிலிருந்து வர நாளைக்காகும். புருஷன் அன்புராஜ் இன்று ராத்திரி வீட்டில் இருப்பான். பேரிங் நன்றாக இருந்தால் கிரீஸை அப்பி மாட்டிக்கொண்டு, லோடோடு இப்போதே நாக்பூருக்குக் கிளம்பிவிடுவான். மெக்கானிக் சலாஹுதீன் பாய் மண்ணெண்ணெயில் கழுவிய பேரிங்கை வெயிலுக்கு நேரே பிடித்து, உருளை உருளையாகத் திருப்புகிறார். எதிலாவது ஒரு கீறல் இருந்துவிடாதா என்று அவள் எட்டி எட்டிப் பார்க்கிறாள். ஒவ்வொன்றும் கண்ணாடியாய் மினுங்குகிறது. "சோக்கா கீதுப்பா. மாட்டிடலாம்" என்கிறார் பாய். அவள் குனிந்து, ஏற்கெனவே மூடியிருக்கும் தூக்குச்சட்டியை இன்னும் அழுத்தி மூடுகிறாள். லாரிக்கு அந்தப் பக்கமிருந்து அன்புராஜின் குரல் கேட்கிறது: "இன்னொரு தபா நல்லா பாரேன் பாய்."