மூன்று கிலோ கூடுதல்

அன்று காலையும் நான் எடை மெஷினில் ஏறியதும், மனைவி பின்னாலிருந்து ஒரு காலால் அதை அமுக்கினாள். எழுபத்து நான்கு காட்டியது.

"ஏங்க, காத்தைக் குடிச்சே குண்டாயிட்டீங்களா?"

"முதல்ல காலை எடுடி."

சிரித்துக்கொண்டே எடுத்தாள். எழுபத்தொன்று. அன்று மதியமே மாரடைப்பில் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தனியாக ஏறினேன். எழுபத்து நான்கு. பேட்டரியை மாற்றினேன். மெஷினை வேறு அறைக்குக் கொண்டுபோனேன். எண் மாறவில்லை. இருப்புக்கொள்ளாமல் டாக்டரிடம் ஓடினேன்.

"எழுபத்தொண்ணுதான் சார். உங்க உயரத்துக்குச் சரியான எடை."

வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குகிறேன், குறைந்துவிடுமோ என்ற பயத்தில். காலை எடு என்று மட்டும் சொல்வதில்லை.

இன்றும் எழுபத்து நான்கு.