பத்துக் கிலோவுக்குக் கீழே

கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்ததுமே சந்திரிகாவுக்குச் சுருக்கென்றது.

ஜார்ஜ்டவுன் நலச் சங்கம் ஒன்றில் அவளுக்குக் கணக்கெடுப்பு வேலை. ஜெலுத்தோங், சிம்பாங் அம்பாட், பிறை என்று மூன்று நிலையங்கள். மாதாமாதம் இரண்டு வயதுப் பிள்ளைகளை நிறுப்பார்கள். பத்துக் கிலோவுக்குக் குறைந்தால் இரண்டு டின் பால் மாவு. பத்தைத் தொட்டால் கிடையாது.

எந்த நிலையத்தில் எத்தனை பிள்ளைக்கு டின் போகிறது என்று பார்த்தால், படத்தில் பிறையின் கம்பம் மட்டும் தென்னை மாதிரி வளர்ந்து நின்றது. எடைகளைத் தனியாகப் போட்டுப் பார்த்தாள். மற்ற இரண்டிலும் எடைகள் மேடாக ஏறி இறங்கின. பிறையில் ஒன்பதே முக்காலுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரே குவியல். பத்துக்கு மேல் துடைத்து வைத்தாற்போல் யாருமில்லை.

பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டா ஒரே எடையில் வளரும்? அங்கே எடை எழுதுகிற நர்ஸ், மிஸ்ஸி ஜெயலெட்சுமியின் கைங்கரியம்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

படம் நாளை சங்கத் தலைவர் டாக்டர் தியாகராஜா கைக்குப் போனால் மிஸ்ஸிக்கு வேலை போய்விடும். அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஃபெரி ஏறிக் கடல் தாண்டிப் பிறைக்குப் போனாள்.

"அக்கா, எடையைக் குறைச்சு எழுதுறீங்களா?"

ஜெயலெட்சுமி படத்தை வாங்கிப் பார்த்தாள். மழுப்பவில்லை.

"ஆமாம்மா. பத்துக்கு மேல வந்தாலும் ஒம்போது தொண்ணூறுன்னுதான் எழுதுறேன்."

"தப்பு லா அக்கா. இன்னொரு பிள்ளைக்குப் போக வேண்டிய டின்."

"தப்புதான்."

சந்திரிகா பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தாள்.

"இது நீங்க வர்றதுக்கு முந்தின வருஷத்துப் படம். இதுலயும் அதே குவியல். அப்ப இருந்த பத்மாவதி மிஸ்ஸியும் பொய்தான் எழுதினாங்களா?"

ஜெயலெட்சுமியின் கண் கலங்கிவிட்டது.

"அவங்க ஒரு கிராம்கூட மாத்தி எழுத மாட்டாங்க. அது அத்தனையும் நெஜ எடை."

"அதெப்படி அக்கா?"

"நான் வந்த மொத மாசம், ஒரு பிள்ளை தராசிலேயே சுருண்டு விழுந்துச்சு. என்னான்னு தாயைக் கேட்டேன். பத்தைத் தாண்டினா டின் நின்னு போயிடுமேன்னு முந்தின நாள் காலையிலேருந்து ஒண்ணுமே குடுக்கலையாம். இங்க எல்லாருமே அப்படித்தானாம்."

சந்திரிகா பழைய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"அன்னைக்குத்தான் சொன்னேன். வயிறு நிறையக் குடுத்துத் தூக்கிட்டு வாங்க, எடையை நான் பாத்துக்கிறேன்னு."