வண்டியோடு பிறக்காத இன்ஜின்

"உன் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தது மார்ச்ல. இந்த இன்ஜின் பிளாக்கை வார்த்ததே ஜூன்ல. பிள்ளை பிறந்தப்புறம் அம்மா பிறந்த கதையால்ல இருக்கு!"

ஆர்வில் சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. வண்டிக்காரர் முகம் தொங்கிப்போயிற்று.

மிச்சிகன் பழைய கார் கண்காட்சியில் ஆர்வில்தான் நடுவர். கண்ணாடியும் டார்ச்சுமாக இன்ஜினுக்குப் பின்னால் குனிந்து, இரும்பில் வார்த்திருக்கும் நம்பரையும் தேதியையும் ஊரே கேட்கப் படிப்பார். வண்டியோடு வந்த அசல் இன்ஜினுக்குத்தான் மார்க்; ஈவு இரக்கம் பார்க்க மாட்டார்.

அடுத்த வண்டி அவருடைய கூட்டாளி ஹாலிஸுடையது. ஹாலிஸின் மனைவி டோரீன் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

பல வருஷத்துக்கு முன்னால், ஹாலிஸ் முதுகு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலம் அது. ரேடியேட்டரில் ஒழுக்கு. உறையாமல் இருக்க ஊற்றும் மருந்தை மறந்து, வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டாள் டோரீன். ராத்திரி பனியில் தண்ணீர் உறைந்து, பிளாக்கே பிளந்துவிட்டது. மெக்கானிக் லெஸ்டர் காயலான் கடையிலிருந்து அதே மாதிரி இன்ஜின் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தான். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ரகசியம் அவளோடு இருந்தது.

"என் வண்டி பிறந்த இன்ஜினோட ஓடுது" என்று இன்றுவரை பீற்றிக்கொள்கிறார் ஹாலிஸ். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கென்று மகள் ஜோலீன் அவரைக் கேட்காமலேயே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஆர்வில் குனிந்தார். துணியால் துடைத்தார். டார்ச் அடித்தார். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது.

நிமிர்ந்தவர், "துரு ஏறிக் கிடக்கு. தேதி தெரியல. இன்ஜினுக்கு மார்க் இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"இதென்னப்பா அநியாயம்! எங்க வண்டின்னா சுரண்டிச் சுரண்டிப் படிப்பாரு. கூட்டாளி வண்டின்னதும் கண்ணு தெரியலையாம்!"

"வயசாயிடுச்சுப்பா, வீட்டுக்கு அனுப்புங்க!" என்று மற்ற வண்டிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

ஆர்வில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டோரீன் ஹாட் டாக் கடைக்குப் பின்னால் அவரைப் பிடித்தாள்.

"நீங்க படிச்சீங்கதானே?"

"படிச்சேன்."

"ஊரே உங்களை ஏசுது. எனக்காக இந்தப் பேச்சை வாங்கிக்கிட்டீங்க. அவருக்குத் தெரிஞ்சிருந்தா மனசு விட்டுப் போயிருக்கும். இந்த நன்றியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்." அவளுக்குக் கண் கலங்கியது.

ஆர்வில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இதோ பாரும்மா, நான் பொய் சொன்னதே இல்ல. நேத்து உன் புருஷன் என் வீட்டுக்கு வந்து கெஞ்சலேன்னா, இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அவரா? எதுக்கு?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரமே, முதுகுத் தையலோட குனிஞ்சு தேதியைப் படிச்சுட்டானாம். 'மார்க்கே போடாத ஆர்வில். ஆனா டோரீன் முன்னால மட்டும் தேதியைப் படிச்சுடாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ ஒடிஞ்சு போயிடுவா'ன்னான்."

இத்தனை வருஷமும் அவர் பீற்றிக்கொண்டது யாருக்காக என்று டோரீனுக்கு இப்போது புரிந்தது. இப்படி ஒருவரைக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வண்டிப் பக்கம் நடந்தாள்.

மடக்கு நாற்காலியில் இருந்த ஹாலிஸ் அவளைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

"பாத்தியா டோரீன், அந்த ஆர்வில் பண்ணின வேலையை? கண்ணு அவிஞ்ச பய! இவ்வளவு அசலான இன்ஜினை வெச்சிருக்கேன், அவனுக்குப் படிக்கத் தெரியலையே!"