காதில் சொன்ன வரவேற்பு

சுற்றுலா நிறுவனம் எங்கள் இருவர் காதிலும் மாட்டிவிட்ட மொழிபெயர்க்கும் வழிகாட்டிக் கருவியை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. டோக்கியோவின் அந்தப் பழைய தெருவில் யார் வாயைத் திறந்தாலும், "வாங்க, உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம்" என்றே தமிழில் சொன்னது. மீன்கடைக்காரர் முறைத்துக்கொண்டே சொன்னதும் அதுதானாம்.

"முறைச்சுக்கிட்டு யாராவது வாங்கன்னு கூப்பிடுவாங்களா?"

"உனக்கு எதுலதான் சந்தேகமில்ல, கோமதி?" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த மரவீட்டு வாசலில் ஒரு முதியவர் இரு கைகளையும் விரித்து மறித்தபடி ஏதோ சொன்னார். கண்கள் சிவந்திருந்தன.

"உள்ளே வாங்க, சந்தோஷம்" என்றது கருவி. என் வீட்டுக்காரர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. தரையில் விரித்த மெத்தையில் ஒரு பெண் படுத்திருந்தாள். முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது.

"இது ஜப்பானியர்கள் தூங்கும் பாரம்பரிய முறை. படம் எடுத்துக்கொள்ளலாம்."

கருவியைக் காதிலிருந்து பிடுங்கினேன். முதியவரைப் பார்த்துக் கைகூப்பினேன். விரிந்திருந்த அவர் கைகள் மெல்ல இறங்கின.

இவர் ஒன்றும் புரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, அவரிடம் சிரித்த முகமாக, "அப்ப போயிட்டு வர்..." என்று ஆரம்பித்தார்.

சட்டென்று இவர் வாயைப் பொத்தினேன்.

"சாவு வீடுங்க. சொல்லிக்காம வாங்க."